சொந்தக் கொழுப்புத்தானே என்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயிற்றிலோ தொடையிலோ உறிஞ்சிய கொழுப்பை மார்பகத்துக்குள் ஏற்றிப் பெருப்பிக்கும் சிகிச்சைக்கான விளம்பரங்கள் இப்போது திருகோணமலைப் பெண்களின் கைபேசிகளுக்கும் வருகின்றன. ‘சிலிக்கோன் இல்லை, உங்கள் சொந்தக் கொழுப்புத்தானே’ என்கிறார்கள். உடல் அதை அந்நியப் பொருளாக எதிர்க்காது என்ற மட்டில் சரி. இடம் மாறிய கொழுப்பு பிழைக்குமா என்பது வேறு கதை.

உறிஞ்சி எடுத்த கொழுப்புக்கு இரத்த ஓட்டம் இல்லை. புதிய நுண்குழாய்கள் வளரும்வரை சுற்றியுள்ள இழையத்திலிருந்து கசியும் ஒட்சிசனில்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால்தான் முனை மழுங்கிய கனுலா என்ற மெல்லிய குழாயைப் பின்னிழுத்தபடி மெல்லிய கீற்றுகளாகப் பல அடுக்குகளில் விடுகிறார்கள். கீற்று சில மில்லிமீற்றர் தடித்தாலே நடுப்பகுதி செத்துப்போகும். ஊறிய விதைநெல்லை ஒரே குவியலாக விட்டால் நடுவில் உள்ளது அவிந்துபோவதை தம்பலகாமத்து விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கவனமாகச் செய்தாலும் முதல் சில மாதங்களில் ஏறத்தாழ 30 முதல் 50 வீதம் கரையலாம். பொதுவாகக் கிடைப்பது பிராவின் கப் அளவில் ஒரு படி கூடுவதுதான், சிலருக்கு அதுவும் இல்லை. ஒரே தடவையில் இரண்டு மூன்று அளவு கூட்டித் தருவதாகச் சொல்பவர் அளவுக்கு மீறித் திணிக்கப் போகிறார். அழுத்தம் கூடினால் சாகும் கொழுப்பும் கூடும்.

செத்த கொழுப்பு எண்ணெய் நிறைந்த நீர்க்கட்டியாகவோ கல்போன்ற முடிச்சாகவோ நிற்கும், பிறகு சுண்ணாம்பும் படியும். இதுவே மமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே படத்தில் புற்றுநோயோ என்ற சந்தேகத்தைக் கிளப்பி, ஊசிகுத்திச் சதை எடுத்துப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுபோகும். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் 1987இல் அமெரிக்க பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் இம்முறையை எதிர்த்தது. 2009இல் நிலைப்பாட்டைத் தளர்த்தியது. புற்றுநோயை இது உண்டாக்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. எனினும் சிகிச்சைக்கு முன் வயதுக்கேற்ப ஸ்கானோ மமோகிராமோ எடுத்துப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதிக்கும் தாதியிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் கையில் தட்டுப்படுவது வெறும் கட்டிதான்.

அரிதான ஆபத்துகளும் உண்டு. கனுலா நெஞ்சுச்சுவரைத் துளைத்தால் நுரையீரல் சுருங்கும். கொழுப்பு இரத்தக்குழாயில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. குழாய்த் தண்ணீரில் கழுவிய கருவிகளால் தொற்றும் ஒருவகை மைக்கோபக்ரீரியா வாரக்கணக்கில் மறைந்திருந்து பிறகு சீழ்பிடிக்கும். வழமையான அன்டிபயோட்டிக்குக் கேட்காது. அழகுக்கலை நிலையத்தின் பின்னறை இதற்கான இடமே அல்ல. செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரா, நிலையம் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவானதா என்று முதலில் கேளுங்கள்.

கொழும்பில் செய்துவிட்டு அன்றிரவே திருகோணமலை பஸ் ஏறவும் வேண்டாம். மணிக்கணக்கில் காலை மடக்கி இருந்தால் கெண்டைக்காலில் இரத்தம் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திருக்காமல், சத்திரசிகிச்சைத் துண்டோடு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவத்துறை வாசகர்கள்,
உவர்மலை, திருகோணமலை.