360 வைக்கோல் கட்டுகளுக்கு நன்றி

பிளாக் பிளாக்காக ஊர் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில், எங்கள் சர்வரில் இருக்கும் எல்லோருக்கும்,

எங்கள் ஊர் வீடுகள் தீப்பிடித்த அந்த இரவைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். நேற்று பெரிய வீட்டுக்கு முகட்டு மரம் ஏறிவிட்டது. இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவர் யாரென்று தெரியாததால் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

தீ அடங்கிய மறுநாள் கருகிய வாசலில் ஒரு பீப்பாய் இருந்தது. அதன் 27 அறைகளில் ஆறுதான் நிரம்பியிருந்தன: ஐந்தில் 64 வீதம் (ஓர் அறை கொள்ளும் அளவு), ஆறாவதில் 40. எல்லாம் வைக்கோல் கட்டு. மேலே ஒரு பலகை, அதில் "கூரைக்கு" என்ற ஒரே சொல். பெயர் இல்லை.

முதலில் அந்த 40-தான் புரியவில்லை. கணக்குப் போட்டதும் புரிந்தது. வீடு 13 பிளாக் அகலம், 15 பிளாக் நீளம். ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் ஷிரகாவா-கோ பகுதியிலுள்ள ஓகிமாச்சி கிராமத்தைப் பார்த்துக் கட்டியது. அங்கே கூரைகள் கைகூப்பியதுபோல் செங்குத்தாக நிற்கும். அந்த வகை வீட்டுக்குக் காஷ்ஷோ என்ற பெயரே அதனால் வந்தது. சரிவு ஏறக்குறைய 60 பாகை. படிக்கட்டு பிளாக்கை வரிசையாக அடுக்கினால் 45 பாகைதான் கிடைக்கும்; எவ்வளவு அலங்கரித்தாலும் அது காஷ்ஷோ வீடாகத் தெரியாது. ஒரு பிளாக் உள்ளே தள்ளும்போது இரண்டு பிளாக் மேலே ஏற வேண்டும். அப்போது 63 பாகை வரும். நடுவில் முகட்டுக்கு ஒரு வரிசை போக, பக்கத்துக்கு ஆறு படி, படிக்கு இரண்டு கட்டு, 15 நீளம்: 180. இரண்டு பக்கமும் சேர்த்து 360.

அதாவது அவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போகவில்லை. எரிந்து நின்ற சட்டத்தைச் சுற்றி வந்து எண்ணியிருக்கிறார். முகடு மரத்தால் ஆனது என்பதையும் கவனித்து அதைக் கழித்திருக்கிறார்.

ஒரு கட்டுக்கு 9 கோதுமை. 360 கட்டுக்கு 3,240. நடுவில் ஒரு பிளாக் தண்ணீர் வைத்த 9-க்கு 9 வயலில் 80 செடி நிற்கும், செடிக்கு ஒரு கோதுமை. அப்படிப்பட்ட ஒரே வயலென்றால் 41 அறுவடை. அவ்வளவும் ஆறு அறைக்குள் அடங்கியிருந்தது.

ஓகிமாச்சியில் இப்படி அடுத்தவர் கூரைக்குக் கைகொடுப்பதற்கு ஒரு பெயர் உண்டு: யூய். ஒரு கூரை முப்பது, நாற்பது ஆண்டு தாங்கும். மாற்றும்போது நூறு, இருநூறு பேர் கூடி ஓரிரு நாளில் வேய்ந்துவிடுவார்கள். கூலி கிடையாது. இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்ற முறைதான். யார் எவ்வளவு கொடுத்தார் என்று குறித்து வைத்துத் திருப்பிச் செய்வார்கள். எங்களுக்குக் குறித்து வைக்க ஒரு பெயர்கூட இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஐயா அல்லது அம்மா, உங்கள் கட்டுகளை என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தோம். கீழ் பிளாக்கின் மேல்முகத்தைக் குறிபார்த்து வைத்தால்தான் வைக்கோல் தாள்கள் மேலிருந்து கீழாக ஓடும்; பக்கவாட்டில் ஒட்டினால் வெட்டுமுகம் வெளியே தெரிந்து கூரை புள்ளி புள்ளியாகிவிடும். முகடு முன்போலவே வடக்கு தெற்காக ஓடுகிறது. ஓகிமாச்சியிலும் அப்படித்தான், இரண்டு சரிவிலும் வெயில் பட்டுப் பனி உருகும்.

வீட்டு நடுவில் இருந்த அடுப்பில் இனி லாவா (எரிமலைக் குழம்பு) இல்லை. லாவாவுக்கு மேலே இரண்டு பிளாக் உயரம் வரை காற்றில் தீ பிடிக்கும். மரத்தரையும் வைக்கோலும் உள்ள வீட்டில் அதை வைத்தது எங்கள் பிழை. தரையில் பள்ளம் எடுத்து கேம்ப்ஃபயர் வைத்திருக்கிறோம். அது பக்கத்து பிளாக்கைப் பற்றவைக்காது. மூன்று செம்புக் கட்டியில் ஓர் இடிதாங்கியும் செய்தாயிற்று. விளையாட்டின் ஜாவா பதிப்பில் 128 பிளாக் சுற்றுவட்டத்தில் விழும் மின்னலை அது இழுத்துக்கொள்ளும் என்பதால் ஊருக்கு ஒன்று போதும். ஆனால் அதைக் கூரைமேல் வைக்கவில்லை. மின்னல் விழும் இடத்தைச் சுற்றியும் தீ பிடிக்கலாம். அதனால் மேட்டில் தனியாக ஒரு கல் தூண். வீட்டுக்கு வீடு இப்போது ஐந்து பிளாக் இடைவெளி, சுவரிலிருந்து அல்ல, தாழ்வார நுனியிலிருந்து. தீ பக்கவாட்டில் ஒரு பிளாக்தான் தாவும், மூன்று விட்டாலே போதும். மழை அணைத்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். தாழ்வாரத்தின் அடியில் பிடித்த நெருப்பை மழை தொடாது.

ஸ்ப்ரூஸ் மரம் வெட்டித் தந்தவர்கள், செர்ரிக் கன்று கொண்டுவந்தவர்கள், பட்டுப்புழு வளர்க்கும் பரணாக விட்ட மேல்தளங்களில் ஒளி பூஜ்யமாகி அரக்கர்கள் முளைக்காதபடி லாந்தர் தொங்கவிட்டவர்கள், அன்றிரவு வாளியோடு ஓடிவந்து கடைசி இரண்டு வீடுகளைக் காப்பாற்றியவர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பெயர்கள் எங்களிடம் இருக்கின்றன. உங்கள் முறை வரும்போது வருவோம்.

அந்தப் பீப்பாயை உடைக்கவில்லை. ஊர் வாசலில் வைத்திருக்கிறோம். இந்த வாரம் அதில் 112 கட்டு சேர்ந்திருக்கிறது, 360 ஆகும்வரை நிறுத்த மாட்டோம். அதற்குப் பூட்டு இல்லை. எந்த ஊரில் எந்தக் கூரை போனாலும் எடுத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் பலகையில் ஓர் எண் மட்டும் எழுதிவிட்டுப் போங்கள், பெயர் வேண்டாம்.