தாமதத்தைத் தவணையில் சொல்ல வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தில்லிப் பனிமூட்டம் யாருக்கும் புதிதல்ல. டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 10 வரை பனிக்காலம் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே கணக்கு வைத்திருக்கிறது. பொங்கல் அதன் நட்டநடுவில் வருகிறது. இங்கே பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறையும் பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில்தான். அதனால் மயூர் விகார், ஆர்.கே.புரம், கரோல் பாக் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டுவது பனி உச்சத்தில் இருக்கும் வாரத்தில். போய்ச் சேரும் இடத்திலோ போகிப் புகை. 2018-இல் போகியன்று காலை சென்னையில் இறங்க முடியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டது நினைவிருக்கலாம்.

பனி மேல் எனக்குப் புகார் இல்லை. தில்லியில் 50 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிந்தாலே இறங்கக்கூடிய வசதி இருக்கிறது. ஆனால் கிளம்புவதற்கு 125 மீட்டராவது தெரிய வேண்டும். அதனால் வந்து இறங்கிய விமானம்கூடக் கிளம்ப வழியில்லாமல் நிற்கும். நிற்கட்டும், அவசரப்பட்டுக் கிளப்பச் சொல்லி யார் கேட்டார்கள்? என் புகார், தாமதத்தைத் தவணை முறையில் சொல்லும் பழக்கத்தைப் பற்றி.

போன ஜனவரியில் மாமியாரை அழைத்துக்கொண்டு சென்னை வழியாக மதுரைக்குக் கிளம்பினோம். விமானம் காலை 7.10-க்கு. பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்ததும் 8.20 என்று குறுஞ்செய்தி வந்தது. 8.20 நெருங்கியதும் 9.30. அப்புறம் 10.45. இதற்குள் என் மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்து, எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் தில்லியில் இறங்க முடியாமல் ஜெய்ப்பூரில் நிற்கிறது என்று காட்டினான். பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்த விஷயம் விமான நிறுவனத்துக்குத் தெரியாதா? கவுண்டரில் கேட்டால், "இன்னும் ஒரு மணி நேரம்தான் மேடம்" என்கிறார்கள். டிக்கெட்டை ரத்து செய்து முழுப் பணத்தையும் தருவீர்களா என்றால், "இன்னும் ஆறு மணி நேரம் ஆகவில்லையே" என்று பதில் வருகிறது. கடைசியில் 1 மணிக்குக் கிளம்பியது. ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு!

விதி என்ன சொல்கிறது? ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், 24 மணி நேரத்துக்கு முன்பே பயணிக்குச் சொல்ல வேண்டும்; மாற்று விமானமோ முழுப் பணமோ அவர் விருப்பப்படி தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் தாமதத்தை ஒரு மணி, ஒன்றேகால் மணி என்று துண்டு துண்டாக அறிவித்தால் அந்த ஆறு மணிக் கோட்டைத் தொடவே வேண்டியதில்லை. பயணி வீட்டுக்குத் திரும்பவும் முடியாது, வேறு டிக்கெட் எடுக்கவும் துணிவு வராது. சர்க்கரை நோயாளியான என் மாமியார், "ஏம்மா, இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா வீட்டுல படுத்திருப்பேனே" என்றார். சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த பையன் எப்போதோ போய்விட்டிருந்தான்.

எங்களுக்குச் சென்னையும் மதுரையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்ததால், விட்டுப்போன மதுரை விமானத்துக்குப் பதில் இரவு விமானத்தில் இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்திருந்தது. மதுரை டிக்கெட் பணம் போனது போனதுதான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. ஊருக்குப் போகிறவர்கள் சில நூறு ரூபாய் கூடினாலும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். அதிகாலை விமானம் மலிவு என்று போகாமல், பனி விலகிய பின் மதியம் கிளம்புவதைப் பாருங்கள். அதற்கும் முழு உத்தரவாதம் இல்லை, காலையில் எங்கோ மாட்டிக்கொண்ட அதே விமானம்தான் மதியமும் வர வேண்டும். ரயில் என்றால் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. போகிக்கு ஊரில் இருக்க வேண்டுமானால் நவம்பர் பத்து தேதி வாக்கிலேயே திருக்குறள் எக்ஸ்பிரஸ், சம்பர்க் கிராந்தி என்று காலை எட்டு மணிக்குத் தயாராக உட்கார வேண்டும்.

பயணிகள் இவ்வளவு கணக்குப் போடுகிறோம். நிறுவனங்கள் மட்டும் பனிக்காலத்திலும் ஒரு மணி நேர இடைவெளியில் இணைப்பு விமானத்தை விற்கின்றன. இதை இயக்குநரகம் தடுக்கலாம். விமானம் ரத்தாகிப் பணம் திரும்ப வந்தாலும் அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு வேறு டிக்கெட் வாங்க முடிவதில்லை. கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியிருக்கும். 2025 டிசம்பரில் நூற்றுக்கணக்கான விமானங்கள் தினமும் ரத்தானபோது மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய், வரிகள் தனி. தில்லி–சென்னை அந்தத் தூரத்தில்தான் வருகிறது. எல்லா நாளும் வரம்பு வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ரத்தான விமானத்தின் பயணிக்கு அன்றைய மறு டிக்கெட்டுக்காவது வைக்கலாமே.

விமானப் பயணிகளுக்காக மத்திய அரசு நடத்தும் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுத்தேன். "வானிலை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று நிறுவனம் பதில் எழுதியதும் புகார் முடித்துவைக்கப்பட்டது. வானிலைக்கு நஷ்டஈடு கிடையாது என்பது எனக்கும் தெரியும், நான் அதைக் கேட்கவும் இல்லை. விமானம் ஜெய்ப்பூரில் நிற்பது தெரிந்த பிறகும் 9.30 என்று ஏன் செய்தி அனுப்பினீர்கள் என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இல்லை.

வரும் டிசம்பர் 10-க்கு முன் இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். தாமதச் செய்தி ஒவ்வொன்றிலும், நம்மை ஏற்றிப்போகும் விமானம் அந்த நிமிடம் எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கட்டும். இரண்டாவது முறை நேரம் மாற்றினால், ஆறு மணி நேரம் ஆகாவிட்டாலும், கேட்பவருக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விகார், தில்லி