சாகே சாராயம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். இரண்டு இடங்கள் மட்டும் மனதை உறுத்தின. சாகே என்ற ஜப்பானிய அரிசி மதுவை ‘அரிசிச் சாராயம்’ என்றும், அதைக் குடிக்கும் இஸகாயா என்ற உணவு, மதுக் கடையைக் ‘குடித்துக் கூத்தடிக்கும் இடம்’ என்றும் எழுதியிருந்தார்கள்.

சாராயம் காய்ச்சி வடிப்பது. சாகே அப்படியல்ல, நொதிக்கவைத்துப் பிழிவது. ஆவியில் வேகவைத்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்ப்பார்கள். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்கும். ஆல்கஹால் பெரும்பாலும் 15, 16 சதவீதம்தான். ஜப்பானில் வடித்து எடுப்பது ஷோச்சு என்ற மது, அது வேறு. கோஜியைக் கொண்டு சாகே தயாரிக்கும் கைத்திறனை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

சரி, இஸகாயாவுக்கு வருகிறேன். டோக்கியோவில் காண்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் அலுவலகத்தார் வழக்கமாகப் போகும் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் சிவப்புக் காகித விளக்கு. துணித் திரையை விலக்கிக் குனிந்து நுழையவேண்டும். பத்துப் பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும்.

நான் முதல் முறை போனது நல்ல குளிர்காலம். சூடாக்கிய சாகே வந்தது. தெரியாமல் குப்பியை எடுத்து எனக்கு நானே ஊற்றப்போனேன். எங்கள் பிரிவுத் தலைவர் அதை மெதுவாக வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து என் கிண்ணத்தில் ஊற்றினார். பகலில் அவரிடம் பேசவே தயங்குவேன். அப்புறம் நான் அவருக்கு ஊற்றினேன். குப்பியின் கழுத்திலிருந்த சூடு விரல்களுக்கு இதமாக இருந்தது. சேர்ந்து குடிக்கும்போது இங்கே பொதுவாக யாரும் தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொள்வதில்லை. பந்தியில் இலை பார்த்துப் பரிமாறுவோமே, அதுபோல அடுத்தவர் கிண்ணத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

குடிக்காத ஒருவரும் எங்களோடு இருந்தார். அவருடைய ஊலாங் தேநீரையும் அதே அக்கறையோடு ஊற்றினார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. வண்டி ஓட்டப்போகிறவருக்கு ஊற்றிக்கொடுத்தால் கொடுத்தவருக்கும் இங்கே தண்டனை உண்டு. அன்று எல்லோரும் ரயிலில்தான் வீடு திரும்பினோம்.

குடிப்பழக்கத்தைப் புகழ இதை எழுதவில்லை. பகலெல்லாம் விறைப்பாக இருக்கும் மனிதர்கள் அந்தச் சின்னக் கடையில் ஒருவரையொருவர் அவ்வளவு அன்பாகக் கவனித்துக்கொண்டதை நேரில் பார்த்தவன் நான். ‘கூத்தடிப்பது’ என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தாது. சாராயம் என்பதையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன், டோக்கியோ