வெள்ள மாடலை எந்த மழையில் சோதித்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எவ்வளவு மழைக்கு எங்கே எவ்வளவு தண்ணீர் ஓடும், எங்கே நிற்கும் என்று கணக்குப் போடும் கணினி மாடலை வைத்து மழைநீர் வடிகால்களைத் திட்டமிடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வடிகால் வடிவமைப்பு வேலையில் 20 வருடங்களுக்கு மேல் இருந்தவன் நான். மாடல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் சென்னை மாதிரி தட்டையான ஊருக்கு வடிகால் போடுவது கஷ்டம். ஆனால் அந்த மாடல் சரிதானா என்று எப்படிப் பார்த்தார்கள் என்ற கேள்வி கட்டுரையில் எங்குமே வரவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

2021 நவம்பர் 7ஆம் தேதி காலை, வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வடிகால் நிரம்பி வழிகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பக்கத்து வீட்டுப் பையன் நடைபாதை மேலிருந்த வடிகால் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினான். உள்ளே பாதிக்கும் கீழேதான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாலையோரம் தண்ணீர் இறங்குவதற்காக விட்டிருந்த துளைகளில் டீ கப், பிளாஸ்டிக் கவர், வேப்பஞ்சருகு, சேறு எல்லாம் சேர்ந்து அடைத்திருந்தன. கம்பு விட்டுக் குத்தி எடுத்ததும் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. ஒரு மணி நேரத்தில் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

இந்தத் தெருவை இப்போது மாடலில் போடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971இல் வெளியிட்டு இன்றும் இலவசமாகத் தரும் எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற மழைநீர் மாடல் மென்பொருளாகட்டும், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளாகட்டும், துளை அடைத்திருக்கிறது என்று நாம் தனியாகச் சொல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தடையில்லாமல் வடிகாலுக்குள் போய்விட்டதாகவே கணக்குப் போடும். கணக்கில் தெரு காய்ந்து கிடக்கும். நிஜத்தில் முழங்கால் தண்ணீர். இரண்டையும் ஒத்துப்போக வைக்க மாடல் போடுகிறவர் என்ன செய்வார்? தண்ணீர் ஊறாத கான்கிரீட் பரப்பு எத்தனை சதவீதம், வடிகாலின் சொரசொரப்பு எவ்வளவு என்று, மாற்றிக்கொள்ள நிறைய எண்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், மாடலிலும் தெருவில் தண்ணீர் நின்றுவிடும். விடை சரி, காரணம் தப்பு. அப்புறம் அதே மாடல் வடிகால் போதவில்லை, அகலப்படுத்து என்று சொல்லும். கோடிக்கணக்கில் செலவழித்து அகலமான வடிகால் கட்டுவோம். ஓரத்துத் துளை மட்டும் அதே துளையாக இருக்கும்.

இதனால்தான் ஒரு மழையை வைத்து இப்படி எண்களை மாற்றித் திருத்திய மாடலை அது பார்க்காத இன்னொரு மழையில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். தெருவில் நின்ற ஆழத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. வடிகாலுக்குள் ஓடியதையும் அளக்க வேண்டும். அன்று எங்கள் வடிகால் சுவரில் அடிக்கணக்கு போட்ட ஒரு வண்ணக்கோடு இருந்திருந்தால்கூட, கோளாறு துளையில்தான் என்று தெரிந்திருக்கும். பிரிட்டனில் குழாய்களுக்குள் பல வாரம் மீட்டர் வைத்து, மூன்று மழைகளோடாவது ஒப்பிடுவது நெடுநாள் வழக்கம். 2002ஆம் ஆண்டின் அவர்களுடைய நடைமுறைக் கையேட்டில், உச்ச ஓட்டத்தை, அதாவது மழையின்போது குழாயில் ஓடும் அதிகபட்சத் தண்ணீரை, மாடல் கூடுதலாகச் சொன்னால் 25 சதவீதம் வரை ஏற்கலாம். குறைத்துச் சொன்னால் 15 சதவீதம்தான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. குறைத்துச் சொன்ன தப்புதான் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவரும்.

மழையில்லாத நாளிலும் அளக்க வேண்டும். ஏப்ரல் மாதத்திலும் மழைநீர் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறதென்றால், யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் விட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு மழைக்கு இடம் குறைந்துபோகும்.

மழைக் கணக்கையும் கேட்க வேண்டும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேளச்சேரிக்கு எதை எடுப்பது? பக்கத்திலேயே மழைமானி வேண்டும். ஒரு நாளின் மொத்த மழை அளவு மட்டும் உதவாது. தெரு வடிகால் அரை மணி நேரக் கனமழைக்கே நிரம்பிவிடும். தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று சுற்றி முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். முகத்துவாரம் மணல் மூடியிருந்தாலோ கடல் ஏறியிருந்தாலோ வடிவது தாமதமாகும். மாடலில் கடல் எப்போதும் தாழ்ந்தே இருந்தால், அதில் எங்கள் தெரு எப்போதும் வடிந்துவிடும்.

ஆகவே வடிகால் திட்ட அறிக்கை எதுவானாலும் நான்கு விவரங்களை எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிடட்டும். எந்த மழையில் திருத்தினார்கள், எந்த மழையில் சோதித்தார்கள், எந்தெந்த இடத்தில் அளந்தார்கள், எவ்வளவு பிசகியது. பிசகு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, அதையும் போடட்டும்.

எங்கள் வீட்டு கேட் தூணில் இரண்டு பெயிண்ட் கோடுகள் இருக்கின்றன. ஒன்று 2015 டிசம்பர் வெள்ளம், இன்னொன்று 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். தண்ணீர் வடிந்த அன்றே, சேற்றுத் தடம் காய்வதற்குள் போட்டவை. என்னைப் போல் கோடு போட்டு வைத்தவர்கள் ஊரெங்கும் இருப்பார்கள். ஒரு கோட்டை வைத்து மாடலைத் திருத்தலாம், இன்னொன்றை வைத்துச் சோதிக்கலாம். டேப்போடு எப்போது வந்தாலும் கேட்டைத் திறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர், சென்னை