டிரிபிள் ஜே எதை எதிர்த்துப் பிறந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலியைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இளைஞர்களுக்கென்று ஆஸ்திரேலிய அரசின் ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி பொதுப்பணத்தில் நடத்தும் அந்த நிலையம் வெகுசன இசையிடம் சரணடைந்துவிட்டது என்றும், அதன் 'ஹாட்டஸ்ட் 100' நேயர் வாக்கெடுப்பில் 2023ஆம் ஆண்டுக்குப் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி டோஜா கேட்டும் 2024ஆம் ஆண்டுக்கு அதே நாட்டுப் பாடகி சாப்பல் ரோனும் முதலிடம் பெற்றதே அதற்குச் சான்று என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிட்னியில் அந்த அலைவரிசையைக் கேட்டு வருபவன் என்ற முறையில், அவருடைய கவலையை ஏற்கிறேன். அதற்கு அவர் காட்டும் சான்றைத்தான் ஏற்க முடியவில்லை.

1975 ஜனவரி 19 அன்று 'டபுள் ஜே' என்ற பெயரில் சிட்னியில் அந்த நிலையம் தொடங்கியபோது முதலில் ஒலித்தது ஸ்கைஹூக்ஸ் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவின் பாடல். பாலுறவை வெளிப்படையாகப் பேசியதால் வணிக வானொலிகள் ஒதுக்கிவைத்த பாடல் அது. கலகக்குரலோடு பிறந்த நிலையம் என்பதற்கு எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பாடல் இடம்பெற்ற இசைத்தட்டு அடுத்த சில வாரங்களிலேயே ஆஸ்திரேலிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து, 16 வாரங்கள் அங்கேயே இருந்தது என்பதை ஏனோ யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நாட்டின் பதின்பருவத்தினர் கடைகளில் வரிசையில் நின்று வாங்கிய இசையைத்தான் அந்த 'மாற்று' வானொலி முதல் நாளில் ஒலிபரப்பியது. அதன் சண்டை புகழோடு நடந்ததன்று. எதை ஒலிபரப்பலாம், எதைக் கூடாது என்று நேயர்களுக்காகத் தாங்களே முடிவெடுத்துக்கொண்டிருந்த வணிக வானொலிகளின் அச்சத்தோடு நடந்தது.

இதை மறந்ததால் விளைந்த குழப்பம்தான் 2015 ஜனவரியில் நடந்த டெய்லர் ஸ்விஃப்ட் விவகாரம் என்று நினைக்கிறேன். அந்த அமெரிக்கப் பாப் பாடகியின், நிலையம் ஒருமுறைகூட ஒலிபரப்பாத 'ஷேக் இட் ஆஃப்' பாடலுக்கு 'ஹாட்டஸ்ட் 100'இல் வாக்களிக்கும்படி இணையத்தில் ஒரு பிரசாரம் கிளம்பியது. ஒரு துரித உணவு நிறுவனம் அதைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள, பாடல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வணிக நோக்குடைய பிரசாரத்துக்கு இடமில்லை என்ற விதி சரியானதே. ஆனால் அந்த நாட்களில் நேயர்கள் பலர் எழுதிய கோபக் கடிதங்களில் விதியைவிட, பள்ளிச் சிறுமிகள் விரும்பிக் கேட்கும் பாட்டு இங்கே எதற்கு என்ற ஏளனம்தான் தூக்கலாக இருந்தது. இதே நிலையம் 2004 முதல் 'லைக் எ வெர்ஷன்' என்ற நிகழ்ச்சியில் பிறர் பாடல்களைக் கலைஞர்களை அழைத்துப் பாடவைக்கிறது. 2023இல் அந்த மறுபாடல்களுக்கென்றே நடத்திய வாக்கெடுப்பில் வென்றது, அமெரிக்கப் பாப் பாடகி ஷெர் பாடிப் புகழ்பெற்ற 'பிலீவ்' பாடலை சிட்னியின் டிஎம்ஏஸ் குழுவினர் பாடிய வடிவம். கிட்டாரோடு நாலு இளைஞர்கள் பாடினால் மாற்று இசை, ஷெர் பாடினால் வெகுசன இசை என்ற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. (என் மகளுக்கும் விளங்கவில்லை, ஆனால் அவள் இரண்டையும் கேட்பாள்.)

இன்று எந்தப் பாடலையும் எந்த வானொலியும் மறைத்துவைக்க முடியாது. நிலையம் குறிவைக்கும் 18 முதல் 24 வயதினரின் கைப்பேசியில் உலகத்தின் இசை முழுவதும் இருக்கிறது. அங்கே கண்ணில் படாமல் போவது, பக்கத்து ஊரில் பாடிக்கொண்டிருக்கும் புதியவரின் பாட்டு மட்டுமே. கட்டுரையாளர் முதலிடத்தைப் பார்த்து வருந்துகிறார். நான் வருந்துவது அதே பட்டியலில் உள்ள வேறோர் எண்ணைப் பார்த்து. 2024ஆம் ஆண்டுக்கான நூறு பாடல்களில் ஆஸ்திரேலியக் கலைஞர்களுடையவை 29 மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன்புவரை பாதிக்கு மேல் அவர்களுடையவையாக இருந்தன. வணிக வானொலிகளுக்கான நெறிமுறை, நிலையத்தின் இசைவகையைப் பொறுத்து அதிகபட்சம் 25 விழுக்காடு உள்நாட்டு இசையைக் கேட்கிறது. டிரிபிள் ஜே தனக்குத்தானே வைத்துக்கொண்ட அளவு 40 விழுக்காடு. ஒலிபரப்பில் அந்த அளவைக் காப்பாற்றினாலும் நேயர் நினைவில் அந்தப் பாடல்கள் தங்கவில்லை என்றால், அங்கேதான் எங்கோ இடிக்கிறது.

புதிய கலைஞர்கள் அனுப்பும் பாடல்களைக் கேட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவர 1995 முதல் இந்த நிலையம் நடத்திவரும் 'அன்எர்த்ட்' திட்டத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோனது பெருங்குறை. பள்ளியின் இறுதியாண்டில் படித்துக்கொண்டிருந்த மிஸ்ஸி ஹிக்கின்ஸின் பாடலை அவருடைய அக்கா 2001இல் அனுப்பிவைத்ததும், அதன்வழி அவர் நாடறிந்த பாடகியானதும் அந்தத் திட்டத்தால்தான். அவர் பின்னாளில் பெற்ற வெகுசனப் புகழை யாரும் வீழ்ச்சி என்று சொன்னதில்லை. 2025 ஜூலையில் ஆஸ்திரேலியப் பாடல்களுக்கு மட்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். அதில் வென்றது ஐஎன்எக்ஸ்எஸ் குழுவின் 'நெவர் டேர் அஸ் அபார்ட்'. நல்ல பாடல், எனக்கும் மிகப் பிடித்த பாடல். ஆனால் நிலையம் குறிவைக்கும் இளைஞர்கள் பிறப்பதற்கு முன்பே வெளிவந்தது.

கட்டுரையின் தொடர்ச்சி வருமானால், 'அன்எர்த்ட்' வழியே வந்த பாடல்கள் காலை நிகழ்ச்சியில் எத்தனை, நள்ளிரவுக்குப் பின் எத்தனை என்று ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டு எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
வென்ட்வர்த்வில், சிட்னி