கண்டோஸ் இறுகாத ஊரிலிருந்து

வட்டக்கச்சி,
ஆவணி, ஒரு ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள குஞ்சு,

எல்லோரும் சுகம். அவருக்கு முதுகுநோ வழக்கம்போல. ஆடு இப்போது மூன்று. சிறுபோகம் வெட்டியாகிவிட்டது, இரணைமடுவில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது, சோளகம் இன்னும் புழுதியை அள்ளிக்கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டுகிறது. கடமைக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். எட்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம். போனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியில் நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் நான் அழுவேன். அதனால் பேனாவை எடுத்தேன். இந்தக் கையெழுத்தைக் கண்டால் நெத்தலி ரீச்சர் இன்றைக்கும் முட்டியில் போடுவா.

முதலில் உன்மேல் வழக்கு. அவண் அடுப்பும் வேண்டாம், பெரிய வேலையும் இல்லை, பிள்ளைகளே செய்துவிடுவார்கள் என்று சொல்லி நீ குரல்பதிவில் அனுப்பினாயே ஒரு சொக்லேட், அதைப் பற்றித்தான். (சொக்லேட்! கனடாவுக்குப் போனவுடன் பேரே மாறிவிட்டது. எங்களுக்கு எந்தக் கடதாசியில் சுற்றி வந்தாலும் அது கண்டோஸ்தான்.) உன் பதிவை மூத்தவள் கொப்பியில் அழகாக எழுதிவைத்தாள். கட்டித் தேங்காயெண்ணெய் அரைக் கோப்பை, கோக்கோத் தூள் அரைக் கோப்பை, தேன் கால் கோப்பை. உருக்கு, கலக்கு, அச்சில் ஊற்று, பிறிஜில் வை. கோக்கோ எங்கிருந்து வந்தது என்று இப்போது கேட்காதே, பிறகு சொல்கிறேன்.

முதல் வரியிலேயே எங்களுக்குப் பிரச்சினை. "கட்டித் தேங்காயெண்ணெய் என்றால் என்னம்மா?" என்றாள். நான் கொப்பறாவைத்தான் சொல்கிறாய் என்று நினைத்து இரண்டை எடுத்துத் துருவவும் தொடங்கிவிட்டேன். நல்லகாலம், சின்னவன் கேட்டான், "கொப்பறாவை எப்படியம்மா உருக்கிறது?" பிறகுதான் விளங்கியது. உன் குசினியில் தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டியாகப் போத்தலில் இருக்கும், கரண்டியால் கிள்ளி எடுப்பாய். எங்களுக்கு அது தை மாத விடியற்காலையில் மட்டும் நடக்கிற அதிசயம், தலைக்கு வைக்கிற போத்தல் அரைவாசி உறைந்து நிற்கும். மற்ற நாளெல்லாம் அது தண்ணீர்தான். ஆகவே உருக்குகிற வேலை எங்களுக்கு மிச்சம். பிள்ளைகள் இதுவே பெரிய வெற்றி என்று துள்ளினார்கள்.

ஊற்றினோம். ஐஸ் வைக்கிற தட்டில்தான். இரண்டு மணித்தியாலம் பிறிஜைத் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன், அதற்குள் எட்டுத் தரம் திறந்தார்கள். பக்கத்து வீட்டு இரட்டையர்கள் மணத்துக்கு வந்து வரிசையில் இருந்துவிட்டார்கள். சொன்னால் நம்பமாட்டாய், அச்சிலிருந்து தட்டியபோது கடையில் வாங்கியதுபோல் மினுங்கியது. சின்னவன் பீங்கானில் அடுக்கி, முற்றத்து மாமரத்தடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று ஊர்வலம் போனான். குசினியிலிருந்து மாமரத்தடி எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். வாயில் உருக வேண்டியது வாசலில் உருகிவிட்டது. பீங்கானில் மிஞ்சியது மண்ணிறக் குளம். நாலு பேரும் முழங்கைவரை நக்கினார்கள், மிச்சத்தை ஆடு நக்கியது. கோயிலுக்கென்று எடுத்த சட்டை போய்விட்டது. அந்தச் சட்டைக்காசை நீ அனுப்ப வேண்டும்.

மூத்தவள் போனைத் தோண்டி விசாரித்து வந்து தீர்ப்புச் சொன்னாள். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே இளகிவிடுமாம். கடைக் கண்டோஸில் இருப்பது கொக்கோக் கொட்டையின் கொழுப்பு, அது 34 பாகைவரை தாங்குமாம், அதனால்தான் கையில் நிற்கிறது, நாக்கில் கரைகிறது. அன்றைக்கு எங்கள் முற்றத்தில் 35. உன் தேங்காயெண்ணெய்க் கண்டோஸுக்கு இங்கே பிறிஜைத் தவிர வேறு உலகமே இல்லை. நீ சுலபம் என்றது செய்முறையைச் சொல்லியல்ல, உன் ஊர்க் குளிரைச் சொல்லித்தான். எடி, வெயில் காலத்தில் நாலு நாள் இங்கே வந்து நின்று பிறகு பதிவு போடு.

இரண்டாம் முயற்சியை எழுத வெட்கமாக இருக்கிறது. ரின்பாலும் பிஸ்கற்றும் வைத்து உருண்டை பிடிப்போம் என்று முடிவெடுத்தேன். பிஸ்கற்றை உரலில் இடிக்கிற வேலையை இரட்டையர்களிடம் கொடுத்தேன். முதல்நாள் அதே உரலில் செத்தல் மிளகாய் இடித்ததை யாரும் நினைக்கவில்லை, நானும்தான். முதல் உருண்டையை வாயில் போட்ட சின்னவன் கிணற்றடிக்கு ஓடினான். இரட்டையர்களில் ஒருத்தன் அழுதான், மற்றவன் அவன் அழுகிறான் என்று அழுதான். அவர் மட்டும் வயலால் வந்து ஆறு உருண்டையை விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் உப்புக் காணாது" என்றார். மாயன் ஆட்கள் அந்தக்காலத்தில் கொக்கோவை மிளகாய் போட்டுத்தான் குடித்தார்களாம் என்று மூத்தவள் அப்பாவுக்கு வக்காலத்து வாங்கினாள். இந்த வீட்டில் நியாயம் பேச ஆளில்லை.

மூன்றாவதுதான் சரிவந்தது. உரலைச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவினேன். ரின்பால் ஒரு ரின், மேரி பிஸ்கற் தூள் 300 கிராம் அளவு, கோக்கோ 4 மேசைக்கரண்டி. கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் தூள், வெடித்தால் இன்னும் கொஞ்சம் பால். அடுப்பே வேண்டாம். கையில் பட்டர் பூசிக்கொண்டு உருட்டி, வறுத்து உடைத்த கச்சானில் ஒரு பிரட்டு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கச்சான், சின்னப் பருப்பு, வாசம் தூக்கும். இது இறுகுவதற்குக் கொழுப்பு உறைய வேண்டியதில்லை. பிஸ்கற் தூள் பாலை இழுத்துக்கொண்டு தானே இறுகிவிடுகிறது. மாமரத்தடிக்குப் போயும் உருண்டை உருண்டையாகவே இருந்தது. அம்மா ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எள்ளுருண்டைதானே, என்ன புதினம்" என்றா. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் யோசித்துப் பார், எள்ளுருண்டையும் பயத்தம் உருண்டையும் எந்த வெயிலில் உருகின?

சின்னவன் உருண்டைகளை எண்ணி, இரட்டையருக்கும் ஆட்டுக்கும் பங்கு பிரித்ததைப் பார்க்க எனக்கு அக்கராயன் மரத்தடி வகுப்புத்தான் ஞாபகம் வந்தது. 1996இல் சண்டைக்குப் பயந்து ஓடிப்போய் நின்ற அந்தக் காலம். எங்கிருந்தோ வந்த ஒரே ஒரு கண்டோஸை நெத்தலி ரீச்சர் பிளேட்டால் வெட்டினா. உன் துண்டு என் துண்டைவிடப் பெரிது என்று நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பெரிதுதான். இப்போதும் சொல்கிறேன்.

சரி, கோக்கோ. அது நீ உன் அம்மாவுக்கு, மாமிக்கு, அனுப்பிய ரின். மூடியில் உன் கையெழுத்துத் துண்டு ஒட்டியிருந்தது, 'அம்மா, இரவில் பாலில் ஒரு கரண்டி'. மாமி அதைத் திறக்கவே இல்லையடி. உன்னிடம் ஒவ்வொரு நாளும் குடிக்கிறேன் என்று சொன்னது பொய். சாமித்தட்டில் திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தா. ஒருநாள் கேட்டதற்கு, "பிள்ளை அனுப்பினது, கிடக்கட்டும்" என்றா. மாமி போய், அந்தியேட்டியும் முடிந்த பிறகு வீட்டை ஒதுக்கும்போது உன் சின்னம்மா என் கையில் தந்தா. எனக்கும் திறக்க மனம் வரவில்லை. போன கிழமைதான் சின்னவன் அடியில் இருந்த திகதியைப் படித்தான், இன்னும் ஒரு மாதத்தில் முடிகிறது. வீணாகப் போவதைவிடப் பிள்ளைகள் தின்னட்டும் என்று நினைத்தேன். தேங்காயெண்ணெயும் உங்கள் வளவுத் தேங்காய்தான். நீ கோபிக்க இடமுண்டு.

ஆனால் நான் எழுத வந்தது அதுவுமல்ல. அன்றைக்கு மாமியைப் படலைக்கு வெளியே தூக்கியபோது போன் என் கையில் இருந்தது. நீ வீடியோவில். சிக்னல் போய்விட்டது என்று இரவு உன்னிடம் சொன்னேன். போகவில்லை. நான்தான் அணைத்தேன். பறைச் சத்தம் ஒரு பக்கம், நீ அம்மா அம்மா என்று கத்தியது என் உள்ளங்கைக்குள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் உன்னைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. விரல் தானாகப் போய் அமத்திவிட்டது. பிறகு திருப்பி எடுத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. நீ பார்க்கவேண்டிய கடைசி ஐந்து நிமிடம் அது. நீ எனக்கு நன்றி சொன்னாய், "நீயாவது நின்றாய்" என்று. அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் எட்டு மாதம் எழுதாமல் இருந்தேன்.

என்ன நடந்தது என்று நீ கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். யார் தூக்கினார்கள், ஒழுங்கை முடக்கில் எவ்வளவு நேரம் நின்றார்கள், எல்லாம் எனக்கு ஞாபகம். கேட்காவிட்டாலும் சரி.

வீட்டுத் திறப்பு என்னிடம் பத்திரம். முருங்கை காற்றுக்கு முறிந்தது, திரும்பத் துளிர்க்கிறது. கூரையில் பின்பக்கம் நாலு ஓடு மாற்ற வேண்டும், மழைக்கு முதல் அவர் ஏறுவதாகச் சொல்கிறார், அந்த முதுகோடு.

ரின் முடிந்துவிட்டது. கழுவிக் காயவைத்திருக்கிறேன், உன் துண்டு நனையாமல். சின்னவன் போளை போட்டு வைக்கக் கேட்கிறான். கொடுக்கட்டா?

உன்,
வாங்குச் சோடி