டிக்கெட் இல்லை, சரி. படி எட்ட வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆத்தாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலைத் தூக்க வராது. பள்ளத்தூரில் எங்களுடையது பழைய வீடு. முகப்பிலிருந்து தெருவுக்கு இறங்க ஏழு படி. நாற்காலியில் உட்காரவைத்து, நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குவோம். அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்களுக்கு நடக்க முடியாத ஆச்சி ஞாபகத்துக்கு வரவில்லை, போகட்டும். இன்றைக்கு பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறவர்களுக்குமா?

போன மாதம் காரைக்குடி போக டவுன் பஸ்ஸை நிறுத்தினோம். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் முதல் படி ஆத்தாவின் முழங்காலுக்கு மேல் இருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து கையைப் பிடித்தார். இரண்டு தடவை பார்த்துவிட்டு ஆத்தாவே, "நேரமாகுதப்பா, நீ வண்டியை எடு" என்றுவிட்டார்.

அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மருத்துவ முகாம். சிவகங்கைக்கு நேரில் வரச் சொன்னார்கள். நடக்க முடியாது என்று சான்று வாங்க, போகவர வாடகைக் காருக்கு 2,400 ரூபாய்! அன்றைக்குச் சம்பந்தப்பட்ட டாக்டர் வரவில்லை. 108-ஐக் கூப்பிடவும் முடியாது, அது அவசரத்துக்கு மட்டும்தான்.

சக்கர நாற்காலி கொடுப்பது ஒரு துறை, அதை ஏற்ற வழியில்லாத பஸ்ஸை ஓட்டுவது இன்னொரு துறை, முகாமுக்குத் தேதி குறிப்பது மூன்றாவது துறை. மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. பஸ் நிலையம், வண்டி எல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவே சொல்கிறது. சென்னையில் 2024-இல் தாழ்தளப் பேருந்துகளும் வந்துவிட்டன. நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. முகாம் நாளில் சாய்தளம் வைத்த ஒரே ஒரு வேன், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடட்டும். அதற்குத் தாலுகா அலுவலகத்தில் ஒரு போன் நம்பர், எடுத்துப் பேச ஓர் ஆள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார் எங்கள் தெருவிலேயே நாலு பேர்.

ஆத்தாவை அடுத்த முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கார்க்காரரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.